கட் சொன்ன பிறகு ஓடிய கேமரா

மாமா தன் கண்ணாடிக் கடையைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தது பெரிய செய்தியில்லை. அந்தப் படத்தில் தானே கதாநாயகன் என்று தெரிந்த நாளிலிருந்து அதைத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டாரே, அதுதான் செய்தி. முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். கண் பரிசோதிக்க வந்து, மோவாயைக் கருவியில் பதித்து அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களிடமும் சொன்னார். அவர்கள் எங்கே ஓடுவது? கேட்டுத்தான் தீர வேண்டும்.

இயக்குநர் அவருடைய அக்கா மகள். திரைப்படக் கல்லூரியில் கடைசி ஆண்டு. சட்டென்று வெடிப்பாள், வெடித்த வேகத்தில் அடங்கியும் விடுவாள் என்பதால் சின்ன வயதிலேயே மாமா அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயர் வீட்டைத் தாண்டிக் கல்லூரி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் அந்தக் கல்லூரியில் சேர்ந்ததே மாமாவின் வாய்ச் சாமர்த்தியத்தால்தான். சினிமாவெல்லாம் ஒரு படிப்பா என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றபோது, மாமா சாப்பிட வந்த சாக்கில் உட்கார்ந்து, மெல்ல மெல்லப் பேசி அவரைக் கரைத்தார். உருப்படாமல் போனால் என் கடையில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று உத்தரவாதம் வேறு கொடுத்தார்.

கடைசி ஆண்டில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் காட்டியாக வேண்டும். காட்டாதவர்கள் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான். அப்படி ஒன்று நடந்தால் 'நான் அப்பவே சொன்னேன்' என்று அப்பா ஆரம்பிப்பார், அதை மாமாவும் சேர்ந்து கேட்க வேண்டியிருக்கும். பட்டாசு எழுதிய கதை எளிமையானது. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்குத் தன் கண்ணே மங்கி வருகிறது. அதை வாடிக்கையாளர்களிடம் மறைக்கிறார். கடைசியில், ஆளில்லாத கடையில், சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையின் முன் தனியாக உட்கார்ந்து, தனக்கு எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று பார்க்கிறார். நல்ல கதைதான். கடை மாமாவுடையது, ஆளும் மாமாவாகவே இருக்கட்டும் என்று அவள் முடிவு செய்தபோது, பாசத்தோடு கொஞ்சம் சோம்பலும் கலந்திருந்தது.

கடைக்கு விடுமுறையான ஒரு நாளில் படப்பிடிப்பு. கேமரா பிடிக்க ஒட்டகம் வந்தான். உயரம், நிதானம், யார் என்ன திட்டினாலும் அசைபோடுகிற முகம், பெயர்க் காரணம் அவ்வளவுதான். ஒலிப்பதிவுக்கு ரேடியோ வந்தாள். மற்ற நேரமெல்லாம் ஓயாமல் பேசுகிறவள், காதில் ஹெட்ஃபோனை மாட்டினால் மட்டும் வாயை மூடுவாள் என்பதால் வகுப்பே சேர்ந்து அவளை அந்த வேலைக்குத் தள்ளிவிட்டிருந்தது.

முதல் அடி சட்டையில் விழுந்தது. மாமா இதற்கென்றே புதுச்சட்டை எடுத்திருந்தார், பொடிப்பொடியாகக் கோடு போட்டது. நேரில் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கேமராவிலோ அந்தக் கோடுகள் புழுப்போல நெளிந்தன. கழற்றுங்கள் என்று பட்டாசு பட்டென்று சொல்லிவிட்டாள். மாமா மறுபேச்சில்லாமல் உள்ளே போய், தூசி தட்டும்போது போட்டுக்கொள்ளும் பழைய நீலச் சட்டையில் திரும்பி வந்தார். புதுச்சட்டையை மடித்துப் பைக்குள் வைக்கும்போது அதை ஒருமுறை தடவிக்கொடுத்தார் என்று ரேடியோ பிற்பாடு சொன்னாள். பட்டாசுக்கு அதையெல்லாம் கவனிக்க அப்போது நேரமில்லை.

அடுத்து வந்தது கடையே கொடுத்த தொல்லை. சுவர் முழுக்க மூக்குக்கண்ணாடிகள், எதிரே ஆளுயர நிலைக்கண்ணாடி, மேசையில் தட்டுத் தட்டாக லென்ஸ். கேமரா ஓடும்போது அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஒட்டகம் வெள்ளோட்டமாக ஓட்டிப் பார்த்தபோது, அந்த ஒரு விளக்கு ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு சிவப்புப் பொட்டாக விழுந்தது. சுவருக்கு அம்மை கண்டதுபோல ஆகிவிட்டது. பட்டாசு ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்துக் கொடுத்து விளக்கின்மேல் ஒட்டச் சொன்னாள். கூடவே, கேமராத் திரையின் ஓரங்களில் ஓடுகிற எண்களும் எழுத்துகளும் காட்சியைப் பார்க்க இடைஞ்சலாக இருப்பதாகச் சொல்லி அவற்றையும் மறைக்கச் சொன்னாள். இயக்குநர் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன் கேமரா பிடிப்பவர் 'ஓடுது' என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்பது கல்லூரியில் முதல் வாரமே சொல்லித்தரும் பழக்கம். மொத்தமே மூன்று பேர், இதில் எதற்கு இந்தச் சடங்கு என்று அதையும் வேண்டாமென்றுவிட்டாள். ஒட்டகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

மாமாவைப் பற்றி என்ன சொல்ல! பேசிப் பேசியே வியாபாரம் செய்த மனிதர், 'ஆக்‌ஷன்' என்ற சொல் காதில் விழுந்ததும் விறைத்துப்போனார். கழுத்து நிமிர்ந்தது. கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. "எனக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரியுது" என்ற ஒற்றை வசனத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். இமைக்காதீர்கள் என்றாள் பட்டாசு, அவருக்குக் கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. இயல்பாக இருங்கள் என்றாள், இயல்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகிறவர்போல விழித்தார். வெயில் வாசலிலிருந்து நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது. எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்ததில் எல்லோருக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

மாலையில் சாமான்களைக் கட்டும்போது மாமா அதிகம் பேசவில்லை. களைப்பு என்று பட்டாசு நினைத்துக்கொண்டாள். அவர் எல்லோருக்கும் டீ வாங்கிவந்து கொடுத்தார். ஷட்டரை இறக்குவதற்கு முன், "எப்படிம்மா வந்திருக்கு?" என்று கேட்டார்.

"சூப்பர் மாமா" என்றாள் பட்டாசு.

மாமா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மருந்துக்கடைக்காரர் தன் வாசலிலிருந்தே என்ன ஆச்சு என்று கையைக் காட்டிக் கேட்டபோது, பிரமாதம் என்று அங்கிருந்தே பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மதியம் மூவரும் கல்லூரியின் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து, எடுத்ததைத் திரையில் ஓடவிட்டார்கள். முதல் துண்டில் கடையின் கூரை தெரிந்தது. பிறகு ஒட்டகத்தின் மூக்குத் துவாரம். பிறகு 'டேப்ப நல்லா அமுக்கி ஒட்டு' என்ற பட்டாசின் குரல். பிறகு மாமா நாற்காலியில் வந்து உட்கார, பட்டாசு 'ஆக்...' என்று ஆரம்பித்ததோடு துண்டு முடிந்துவிட்டது. இரண்டாவது துண்டு, மாமா நெற்றி வியர்வையைத் துடைத்தபடி "சரியா வந்துச்சா?" என்று கேட்பதிலிருந்து தொடங்கியது. மூன்றாவதில் ரேடியோ பிஸ்கட் தின்கிறாள். நான்காவதில் மாமா நிலைக்கண்ணாடி முன் நின்று மீசையைச் சீவுகிறார்.

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். பட்டாசுக்கும் முதலில் சிரிப்புத்தான். எங்கே காட்சி, எங்கே காட்சி என்று அடுத்தடுத்த துண்டுகளைத் தள்ளிக்கொண்டே போனவள், கடைசித் துண்டு வரைக்கும் போய் நின்றாள். ஒரு காட்சிகூட இல்லை. வெள்ளோட்டத்துக்கு ஓட்டிய கேமராவை யாரும் நிறுத்தவே இல்லை. ஆக்‌ஷன் சொன்னதும் ஒட்டகம் பொத்தானை அமுக்கியிருக்கிறான், ஓடிக்கொண்டிருந்தது நின்றிருக்கிறது. கட் சொன்னதும் மறுபடி அமுக்கியிருக்கிறான், நின்றது ஓடியிருக்கிறது. நாள் முழுக்க அப்படியே. மாமா நடித்தபோதெல்லாம் கேமரா தூங்கிவிட்டு, அவர் நடிக்காதபோதெல்லாம் கண் விழித்துப் பார்த்திருக்கிறது.

பட்டாசு வெடித்தாள். ஒட்டகத்தின் கண், மூளை, எதிர்காலம் எதையும் விட்டு வைக்கவில்லை. ஒரு பொத்தானைக்கூட ஒழுங்காக அமுக்கத் தெரியாதவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏன் வந்தான் என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ரேடியோதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "விளக்க மூடச் சொன்னது நீ. திரையில எழுத்த மறைக்கச் சொன்னது நீ. 'ஓடுது'ன்னு சொல்ல வேணாம்னதும் நீ. ஓடுதா இல்லையான்னு அவன் எத வச்சுக் கண்டுபிடிப்பான்?"

ஆமாம், நான்தான் என்று பட்டாசு ஒப்புக்கொண்டாள். ஒட்டகத்திடம் மன்னிப்பும் கேட்டாள். அவன் பரவாயில்லை என்றான். பரவாயில்லை என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கேமராவை வாரக் கடைசிக்குள் அடுத்த குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு மறுவாரம் திரையிடல். கையில் இருப்பது பிஸ்கட்டும் மீசையும்தான்.

ஏதாவது தேறுமா என்று முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். அவசரத்தில் தள்ளிவிட்டுப் போன துண்டுகளில் ஒன்றை இந்த முறை முழுவதும் பார்த்தாள்.

அது மதியத்துக்குப் பிறகு பதிவானது. மாமா பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் துணியை விரித்து, யாருடைய கண்ணாடியையோ துடைத்துக்கொண்டிருந்தார். மைக் அவர் தலைக்குமேலேயே தொங்கியதால் துணி உரசும் சத்தம்கூடக் கேட்டது. அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து பட்டாசின் குரல் வந்தது. தாழ்த்திப் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்ட குரல்.

"மாமாவப் போட்டது என் தப்பு. கடையும் இருக்கு, ஆளும் இருக்கு, சுலபமா முடிச்சிரலாம்னு பாத்தேன். ஷோகேஸ்ல கண்ணாடி மாட்டி வச்சிருக்காங்களே ஒரு பிளாஸ்டிக் தலை, அது இவர விட நல்லா நடிக்கும்."

யாரோ சிரித்தார்கள். திரையில் மாமாவின் கை நின்றது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி, ஷோகேஸில் இருந்த அந்தப் பிளாஸ்டிக் தலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அதே கண்ணாடியை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பெட்டியில் வைத்து மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "டைரக்டரம்மா, நான் ரெடி. அடுத்து என்ன செய்யணும்?"

"இதோ வந்துட்டேன் மாமா" என்று அவளுடைய உற்சாகமான குரல் கேட்டதோடு துண்டு முடிந்தது.

இப்படி ஒன்றைச் சொன்னதே பட்டாசுக்கு மறந்துபோயிருந்தது. சொன்ன வாய்க்கு அது ஒரு எரிச்சல், ஊதித் தள்ளிவிட்டுப் போயாயிற்று. கேட்ட காதுக்கு அப்படியில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகும் அந்த மனிதர் அவள் சொன்னதற்கெல்லாம் எழுந்து நின்றிருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், இமைக்காமல் இருக்க முயன்றிருக்கிறார், டீ வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். எப்படி வந்திருக்கு என்று கேட்டிருக்கிறார். அவளும் கூசாமல் சூப்பர் என்றிருக்கிறாள். பட்டாசுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நேரம் பார்த்து எடிட்டிங் ஆசிரியர் உள்ளே வந்தார். குளிர் அறையிலேயே பிழைப்பு நடத்துவதால் எந்த மாதத்திலும் கம்பளிச் சட்டையோடு திரிகிறவர். கதவருகே நின்று அந்தத் துண்டை அவரும் பார்த்திருக்கிறார். அந்த நடிகர் யார் என்று விசாரித்தார். இந்த மாதிரி ஒரு முகம் நம் மாணவர் படங்களில் கிடைத்து வெகுநாளாயிற்று என்றார். "பின்னால பேசுற சத்தத்த எடுத்துட்டு வேற ஏதாவது போட்டுக்கோ. இந்த ஒரு ஷாட் போதும், மத்தத இதச் சுத்திக் கட்டிரலாம்." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஒட்டகத்துக்கு உயிர் வந்தது. ரேடியோ கணக்கே போட ஆரம்பித்துவிட்டாள். மீசை சீவுவதும் துடைப்பதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் சேர்ந்தால் கண் மங்கும் மனிதரின் கதை அப்படியே வந்துவிடும், கடைசியில் அந்த முகம். வசனமே வேண்டாம். பட்டாசுக்கும் அது புரியாமல் இல்லை. மறுபடி மாமாவிடம் போய் நிற்க வேண்டாம். நடந்த கூத்தைச் சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சை அவர் கேட்டது தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவே வேண்டாம். படம் தேறும், பாராட்டும் கிடைக்கும். அவள் மனசு ஒரு அரை நாழிகை அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

திரையில் உறைந்து நின்ற அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "பாக்குறவங்க யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்டா. முதல் வரிசையில வந்து உக்காருவாரு. ஊரையே கூட்டிட்டு வருவாரு."

அன்று சாயங்காலம் வரை அந்த உதவாத துண்டுகளைத் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். பாவத்துக்குத் தண்டனை மாதிரிதான் ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க, இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு தான் என்ன கோட்டை விட்டோம் என்பது பிடிபட்டது. கையில் வேலை இல்லாத மாமா மரம். கையில் ஒரு திருகாணியோ துணியோ இருந்துவிட்டால் அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது. உதடு கோணியது, புருவம் ஏறி இறங்கியது, நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அவளோ அந்தக் கைகளைத் தொடைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, எழுத்துப் பலகையை வெறித்துப் பாருங்கள் என்று அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறாள். வசனத்தை அடித்துவிட்டு, காட்சியைப் புதிதாக எழுதினாள்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். உள்ளே ஒரு வாடிக்கையாளர் தடிச்சட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் முகத்தில் கடன் வாங்கி மாட்டியதுபோல இருந்தது. சூப்பராக இருக்கிறது சார், பத்து வயது குறைந்துவிட்டது என்று மாமா அடித்துவிட்டார். அவர் போன பிறகு பட்டாசு எல்லாவற்றையும் சொன்னாள். கேமரா தலைகீழாக ஓடியது, அதற்குத் தானே காரணம், ஒரு காட்சிகூட இல்லை. மாமா பிளந்த வாயை மூடவில்லை. அப்புறம் அவருக்கே உரிய ஆர்வத்தில், நான் நடிக்காதபோது எடுத்ததைக் காட்டு பார்ப்போம் என்றார்.

மேசையில் வைத்துப் பார்த்தார்கள். என் மூக்கு இவ்வளவு பெரிதா என்றார். பின்மண்டை இப்படியா இருக்கிறது, உன் அத்தை இத்தனை வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்தத் துண்டு வந்ததும் பட்டாசின் கை நிறுத்தப் போனது. மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடட்டும்."

ஓடியது. பிளாஸ்டிக் தலை, சிரிப்பு, நின்ற கை, எல்லாம். முடிந்ததும் மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "இந்த ஆளு நல்லாத்தான் பண்றான், இல்ல?" என்றார்.

பட்டாசு உடைந்து அழுதுவிட்டாள். தான் பேசியது மகா தப்பு என்றும், தன்னை இரண்டு அறை அறையுங்கள் என்றும் அழுகைக்கு நடுவே சொன்னாள். மாமா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஓயும் வரைக்கும் காத்திருந்தார்.

"நீ பேசினதுல தப்பே இல்ல. நான் நல்லாப் பண்ணலன்னு எனக்கே தெரியும். அந்தப் பிளாஸ்டிக் தலைய நானும் பாத்தேன், அது என்னவிடக் கொஞ்சம் தேவலதான்" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "சாயங்காலம் நான் கேட்டதுக்கு சூப்பர்னு சொன்ன பாரு, அதத்தான் தாங்க முடியல. நாள் முழுக்க இந்தக் கடையில நான் சொல்ற வார்த்தை அது. சட்டம் மூஞ்சிக்குப் பொருந்தலன்னா இன்னும் சத்தமாச் சொல்லுவேன். என்கிட்டயே அத விக்கிறியா நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆசிரியர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். அப்படியானால் அதையே போட்டுவிடு, வேலை மிச்சம் என்றார் மாமா, தாராளமாக. பட்டாசு வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"அது நீங்க நடிச்சது இல்ல மாமா. நான் உங்கள அடிச்சது. அத நாலு பேரு பாத்துக் கைதட்ட வேணாம்."

சரி, மீசை சீவுவதை மட்டும் என் போனுக்கு அனுப்பிவிடு என்றார் மாமா. பிறகு எழுந்து மேசை இழுப்பறைகளைத் தேவையில்லாமல் திறந்து மூடினார். அவருடைய கண் கலங்கியிருந்தது என்பது வேறு விஷயம், அதை அவர் காட்டிக்கொள்வதாக இல்லை. புதிதாக எழுதிய காட்சியை எடுக்க மறுபடி வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேலை நாளில் கடையை மூட முடியாது, ஆள் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று கறாராக நிபந்தனை போட்டார். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. "நல்லா இல்லன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அந்தப் பசங்க காதுல போய்ச் சொல்லக் கூடாது."

கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதற்கு முதல் நாள், மூவரும் மறுபடி கடைக்கு வந்தார்கள். டேப்பை உரித்து எறிந்தார்கள். சிவப்புப் பொட்டுகள் மறுபடி சுவரெல்லாம் முளைத்தன. ஒட்டகம் ஒரு அட்டையை மடித்து விளக்குக்குமேல் குடைபோல வைத்தான். விளக்கு அவன் கண்ணுக்குத் தெரிந்தது, கண்ணாடிகளுக்குத் தெரியவில்லை. முதல் நாளே இது தோன்றவில்லையா என்று பட்டாசு கேட்டதற்கு, தோன்றியது, நீதான் பேசவிடவில்லை என்றான். அவள் கோபப்படாமல் கேட்டுக்கொண்டாள்.

புதுக் காட்சி இதுதான்: கடைக்காரர் ஒரு கண்ணாடியின் காலைப் பொருத்த வேண்டும். எள்ளளவு திருகாணி. தினமும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, இன்று துளை தட்டுப்படவில்லை. தடவுகிறார், தவறுகிறார், எதிரே வாடிக்கையாளர் காத்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஒட்டகம் தொண்டை கிழிய "ஓடுது" என்றான். பட்டாசு அதைக் கேட்ட பிறகே "ஆக்‌ஷன்" என்றாள். முதல் தடவை மாமாவின் கை பழக்கதோஷத்தில் திருகாணியை ஒரே முயற்சியில் பொருத்திவிட்டது. கண் தெரியாத மனுஷன் மாமா நீங்க, என்றாள். இரண்டாவது முறை அளவுக்குமேல் தடவினார். நாடகம் மாதிரி இருக்கு, நல்லா இல்ல என்று நேருக்கு நேர் சொன்னாள். மாமா முறைத்தார், அப்புறம் நீ செய்து காட்டு பார்ப்போம் என்றார். அவள் செய்து காட்டியது அதைவிடக் கேவலமாக இருந்தது. நடுவே ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் மாமா நடிப்பதைப் பார்த்துவிட்டு, உண்மையாகவே இவருக்குக் கண் போச்சா என்று பயந்து, கொடுத்திருந்த கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகப் பார்த்தார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்து, அவரையே வாடிக்கையாளராக நடிக்க வைத்தார்கள்.

படம் முடிந்ததும், திரையிட்டபோது மாமா தெருவையே அழைத்துவந்ததும், பட்டாசு தேறியதும், கம்பளிச்சட்டை ஆசிரியர் அந்த ஷாட் எங்கே என்று கேட்டுக் குறைப்பட்டதும் எல்லாம் பின்னால் நடந்தவை. அவளுக்கு அவற்றைவிட முக்கியமாகப் பட்டது அன்று சாயங்காலம் கடையில் நடந்ததுதான்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முறைதான் எடுக்க முடியும். அதற்கு முந்தையது மோசமில்லை. ரேடியோ போதும் என்று கண்ணைக் காட்டினாள், ஒட்டகம் தோளைத் தேய்த்துக்கொண்டான். மாமா களைத்துப்போய், எப்படி என்று கேட்காமல் அவள் முகத்தையே பார்த்தார். பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"பரவாயில்ல மாமா. ஆனா நல்லா இல்ல" என்றாள் பட்டாசு. "இன்னொரு தடவை போலாம். வாடிக்கையாளர மறந்துருங்க. திருகாணிய மட்டும் தேடுங்க."

மாமா பெருமூச்சு விட்டார். திருகாணியை எடுத்தார். ஒட்டகம் "ஓடுது" என்றான். இந்த முறை அவர் யாருக்காகவும் எதையும் செய்யவில்லை. விரல் நுனியில் இருந்ததை விளக்குக்குக் கீழே கொண்டுபோனார், துளையைத் தேடினார், தவறியது. மறுபடி தேடினார், தவறியது. மூன்றாம் முறை தவறியதும் தலையைத் தூக்காமலே, கண்ணாடியையும் திருகாணியையும் எதிரே இருந்தவர் பக்கம் மெல்ல நகர்த்தினார். அந்த மனிதர் நடிப்பதை மறந்து, அவசரமாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பட்டாசுக்குக் கட் சொல்ல மனசு வரவில்லை. கொஞ்சம் தாமதித்தே சொன்னாள்.

மாமா நிமிர்ந்து, "இது?" என்றார்.

"இது நல்லா இருக்கு மாமா."

மாமா அவளை உற்றுப் பார்த்தார். புது லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அவள் முகத்தைத் தேடிப் பார்த்தார். எதுவும் தட்டுப்படவில்லை போலிருக்கிறது. முகமெல்லாம் மலர்ந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே அத்தையைக் கூப்பிட்டார்.

"கேளு, முடிஞ்சிருச்சு. நல்லா இருக்காம்" என்றார். அந்தப் பக்கம் அத்தை என்னவோ கேட்டாள். "இல்ல இல்ல, சூப்பர்னெல்லாம் சொல்லல. நல்லா இருக்குன்னு சொன்னா."